ஓம எண்ணெய்: தட்டில் கொல்கிறது, சுண்டெலியில் பலனில்லை

வெண்குழல்:
வணக்கம். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவுக்கு எதிராக ஓம எண்ணெயைச் சோதிக்கிறோம். 96 குழித் தட்டில் எம்ஐசி (பாக்டீரியா வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவு) 0.05%. அதே எண்ணெயை 10% ட்வீன் 80-இல் (எண்ணெயை நீரில் கலக்க உதவும் பொருள்) கலக்கி, தொற்று ஏற்றிய 25 கிராம் சுண்டெலிகளுக்கு வயிற்றறை ஊசியாகக் கிலோவுக்கு 100 மி.கி. கொடுத்தோம். மருந்தே கொடுக்காத குழுவைவிட இந்தக் குழுதான் முதலில் சோர்கிறது. ஆனால் மண்ணீரலை அரைத்து அகார் தட்டில் பூசினால் பாக்டீரியா எண்ணிக்கை குறைவு. டோஸைக் கூட்டலாமா?

நச்சியல்:
கூட்டாதீர்கள். முதலில் கணக்கைப் பாருங்கள். 0.05% என்றால் மில்லிக்குச் சுமார் 450 மைக்ரோகிராம். 25 கிராம் சுண்டெலியின் உடல் நீர் ஏறக்குறைய 15 மில்லி. அதில் எம்ஐசி அளவை எட்டவே கிட்டத்தட்ட 7 மி.கி. எண்ணெய் வேண்டும், அதாவது கிலோவுக்கு 270 மி.கி. அதுவும் ஒரு துளிகூட வெளியேறாமல், எதிலும் ஒட்டாமல் இருந்தால்தான். உண்மையில் ஓம எண்ணெயின் முக்கியப் பொருளான தைமால் இரத்தத்தில் அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். கல்லீரல் அதைச் சல்ஃபேட்டாகவும் குளுக்குரோனைடாகவும் மாற்றிவிடும். 50% சீரம் (இரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்மம்) சேர்த்து எம்ஐசியை மறுபடி பாருங்கள், எத்தனை மடங்கு ஏறுகிறது என்று தெரியும்.

மறுபக்கம் நச்சு. வாய்வழியாகவே எலிக்குத் தைமாலின் எல்டி50 (பாதி விலங்குகளைக் கொல்லும் அளவு) கிலோவுக்கு 980 மி.கி. வயிற்றறைக்குள் அது நேரடியாகச் சவ்வை எரிக்கும், தாங்கும் அளவு இன்னும் கீழே. உங்கள் சுண்டெலிகள் சோர்வது தொற்றாலா எண்ணெயாலா என்று இந்த வடிவமைப்பில் சொல்லவே முடியாது. தொற்றில்லாமல் எண்ணெய் மட்டும், தொற்றில்லாமல் ட்வீன் மட்டும், தொற்றோடு ட்வீன், தொற்றோடு ஆன்டிபயாட்டிக் ஆகிய நான்கு குழுக்களும் கட்டாயம் வேண்டும்.

அகார்தட்டு:
எண்ணிக்கை குறைந்ததை நம்ப வேண்டாம். மண்ணீரல் கிடப்பது நீங்கள் எண்ணெய் ஏற்றிய அதே வயிற்றறையில். அரைத்த குழாயைத் திறந்ததும் ஓம வாசனை வருகிறதா? வந்தால், மிச்ச எண்ணெய் அகாரின் மேலும் பாக்டீரியாவைத் தடுக்கிறது என்று சந்தேகப்படுங்கள். தொற்றில்லாத, எண்ணெய் கொடுத்த சுண்டெலியின் மண்ணீரலை அரைத்து, அதில் தெரிந்த எண்ணிக்கையில், சுமார் 200 சிஎஃப்யு (காலனியாக வளரக்கூடிய பாக்டீரியா), சேர்த்துப் பூசுங்கள். 200-க்குப் பக்கத்தில் திரும்ப வர வேண்டும். வராவிட்டால் லெசித்தினும் ட்வீனும் உள்ள டே-எங்லி திரவத்தில் (மிச்ச மருந்தைச் செயலிழக்கச் செய்வது) அரையுங்கள்.

எம்ஐசியிலும் ஓட்டை இருக்கலாம். ஆவி பக்கத்துக் குழிக்குத் தாவும். அதனால் வளர்ச்சிக் கண்ட்ரோலைத் தனித் தட்டில் வையுங்கள், மூடுதாள் ஒட்டுங்கள். ட்வீன் ஃபீனால் வகைப் பொருள்களின் வீரியத்தைக் குறைக்கும். அதற்குப் பதில் 0.15% அகார் சேர்த்தாலே எண்ணெய் பிரியாமல் நிற்கும்.

வெண்குழல்:
குழாயைத் திறந்தாலே வாசனை தூக்குகிறது. அப்படியானால் இந்த எண்ணெய்க்கு எந்த மாடல்தான் பொருந்தும்?

நச்சியல்:
தோல் காயம். எம்ஐசியைவிடப் பல மடங்கு செறிவை அங்கே நேரடியாக வைக்க முடியும். மயக்கத்தில் 6 மி.மீ. பஞ்ச் (தோலில் வட்டக் காயம் வெட்டும் கருவி), தொற்று, பிறகு 1% ஜெல். ஒப்பிட, தோலில் பூசும் ஆன்டிபயாட்டிக்கான 2% முபிரோசின். சுண்டெலியின் தோல் சுருங்கியே காயத்தை மூடிவிடும், ஆகவே சிலிகான் வளையம் தைக்காமல் காயத்தின் அளவை எண்ணெயின் பலனாக எழுதாதீர்கள். ஒன்றையொன்று நக்கினால் அதுவே வாய்வழி டோஸ். தனிக்கூண்டும் ஒட்டுப்படலமும் வேண்டும். வாசனை குழுவைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் காலனி எண்ணுபவர் கூண்டுப் பக்கமே வரக் கூடாது.

இறப்பை முடிவுப்புள்ளியாக வைக்காதீர்கள். கடும் தொற்றில் சுண்டெலிக்குக் காய்ச்சல் ஏறுவதைவிட உடல் சூடு இறங்குவதே வழக்கம். சூடு, எடை, கூன், கண் இடுக்கல் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே மதிப்பெண் வகுத்து, வரம்பைத் தாண்டிய விலங்கைக் கருணையோடு முடித்துவிடுங்கள். வழி மாறுவதால் விலங்கு நெறிக்குழுவின் திருத்த ஒப்புதல் வந்த பிறகே தொடங்க வேண்டும். அதுவரை மெழுகுப்பூச்சிப் புழுவில், கடைசிப் பொய்க்காலில் 10 மைக்ரோலிட்டர் செலுத்தி, எந்த டோஸில் புழு கறுக்கிறது என்று பார்த்தால் பல சுண்டெலிகள் மிஞ்சும்.

அகார்தட்டு:
இன்னொன்று. எண்ணெயைக் குளிரில் வைத்தால் தைமால் ஓம உப்பாக அடியில் படியும். மேலிருந்து பிப்பெட்டில் எடுத்தால் தைமால் குறைந்த எண்ணெய்தான் வரும், கடைசி விலங்குக்கு முதல் விலங்கைவிட அதிக டோஸ் போகும். தைமால் சுமார் 50 டிகிரியில் உருகும். மூடிய குப்பியை வெந்நீரில் வைத்து, படிகம் முழுக்கக் கரைந்ததும் குலுக்கி எடுங்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் ஜிசி-எம்எஸ் (எண்ணெயின் கூறுகளைப் பிரித்து அளக்கும் சோதனை) பாருங்கள்; தைமால் விகிதம் தொகுதிக்குத் தொகுதி மாறும்.