ஹீட்டர் கம்பியில் உப்பு ஏறினால் சுரண்டாதீங்க, ஊற வைங்க

கண்டனூரிலிருந்து:
போர் தண்ணி புழங்குற வீடுன்னா, வாளியில போடுற ஹீட்டர் கம்பி சீக்கிரமே வெள்ளை பூத்துடும். உப்புன்னு சொல்றோம், உண்மையில அது சுண்ணாம்பு. தண்ணி சூடாகும்போது பிரிஞ்சு கம்பி மேலயே ஒட்டிக்குது. பாளம் தடிச்சா சூடு தண்ணிக்கு இறங்காது, உள்ளே இருக்குற சுருள் கருகிடும்.

பலபேர் கத்தியால சுரண்டுறாங்க, தரையில தட்டுறாங்க. தயவுசெஞ்சு வேண்டாம். வெளிக்குழாய் மெல்லிசு. சின்னதா ஒரு வெடிப்பு விட்டா, சுருளைச் சுத்தி அடைச்சிருக்குற மக்னீசியம் ஆக்சைடு தூள் ஈரம் இழுத்துக்கும். அப்புறம் வாளித் தண்ணியிலயே கரண்ட் நிக்கும்.

பிளக்கைப் பிடுங்கி, கம்பி கைக்கு ஆறின பிறகு தொடங்குங்க. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணிக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் தூள். ஒல்லியா உயரமா ஒரு பிளாஸ்டிக் ஜக் போதும், கரைசல் வீணாகாது. கம்பியோட சுருண்ட பகுதி மட்டும் முங்கணும். கறுப்புத் தலையும் வயர் நுழையுற இடமும் நனையக் கூடாது. போட்டதும் பொடிப்பொடியா நுரைக்கும். ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல நுரை அடங்கிடும். பாளம் இன்னும் இருந்தா கரைசல் சக்தி தீர்ந்துபோச்சுன்னு அர்த்தம், புதுசா கலக்குங்க. கடைசியில பழைய பல் பிரஷ்ஷால தேய்ச்சு, நல்ல தண்ணியில அலசி, அரை நாள் வெயில்ல காய வைங்க. கக்கூஸ் கழுவுற ஆசிட் பக்கமே போகாதீங்க, முலாமை அரிச்சிடும்.

தேவகோட்டையிலிருந்து:
அண்ணே சொன்ன அளவு சரி. ஒண்ணு சேர்த்துக்குங்க: இந்த வேலையை ஆத்தங்குடிக் கல் போட்ட தரையில வச்சுச் செய்யாதீங்க. அது சிமெண்ட் கல். ஒரு சொட்டுப் புளிப்பு விழுந்தாலும் மேல்பூச்சு அரிச்சு, மங்கலா ஒரு வட்டம் நின்னுடும். தேங்காயெண்ணெய் போட்டுத் துடைச்சாலும் பழைய பளபளப்பு வராது. கொல்லையில துவைக்கிற கல் பக்கம் போயிடுங்க. கரைசலைப் பித்தளைப் பாத்திரத்துல ஊற வைக்கிறதும் ஆகாது.

பள்ளத்தூரிலிருந்து:
காய்ஞ்ச பிறகு மல்டிமீட்டர் வச்சுப் பார்த்துட்டுப் போடுங்க. 1500 வாட் கம்பின்னா பிளக்கோட ரெண்டு சின்ன முள்ளுக்கு நடுவுல சுமார் 35 ஓம் காட்டணும். பெரிய முள்ளுக்கும் கம்பி உடம்புக்கும் கிட்டத்தட்ட பூஜ்யம், அதுதான் எர்த். சின்ன முள் எதுக்கும் கம்பி உடம்புக்கும் நடுவுல எதுவுமே காட்டக் கூடாது, அதாவது பூஜ்யம் இல்ல, தொடர்பே இருக்கக் கூடாது. காட்டினா அந்தக் கம்பியைத் தூக்கிப் போட்டுடுங்க, ரிப்பேர் கிடையாது. மீட்டர்ல தெரியாத கசிவும் உண்டு, அதனால 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிஞ்சா தானா அணைச்சுடுற பிரேக்கர்) இருக்குற லைன்லதான் மாட்டணும்.

கண்டனூரிலிருந்து:
நடுவுல முற்றம் வச்ச பழைய வளவு வீடுகள்ல ரெண்டு முள் பாயிண்ட்தான் இருக்கும், எர்த்தே வராது. அதுல இந்தக் கம்பியை மாட்டவே கூடாது. 1500 வாட் ஆறரை ஆம்பியர் இழுக்கும், 16 ஆம்பியர் சாக்கெட் வேணும். பித்தளை அண்டாவுல கம்பியைப் போட்டுத் தண்ணி காய வைக்கிறதையும் விட்டுடுங்க. பிளாஸ்டிக் வாளி, குறுக்கே ஒரு மரக்குச்சி, கம்பி வாளிச் சுவத்துல படாம தொங்கணும். முங்கின பிறகுதான் சுவிட்ச். எடுக்குறப்போ சுவிட்சை அணைச்சு, பிளக்கைப் பிடுங்கி, அதுக்கப்புறம்தான் தண்ணியில கை.