வாசிப்புக் கூட்டத்தில் யாரும் வாய் திறப்பதில்லை, என்ன செய்யலாம்?

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில், தடப்பள்ளி வாய்க்கால் ஓரத்து ஊர் எங்களுடையது. 14 மாதமாக, மாதம் ஒரு ஞாயிறு சிறுகதை வாசிப்புக் கூட்டம் நடத்துகிறேன். 20 பேர் வருகிறார்கள், கதையைப் படித்துவிட்டுத்தான். பேசுவது அதே மூன்று பேர். மற்றவர்களைக் கேட்டால், "நமக்கென்னங்க தெரியும்" என்று சிரித்துவிடுகிறார்கள். போன மாதம் ஒரு அக்காவின் பிரதியைப் பார்த்தேன். ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு, அத்தனையும் அருமையான கேள்விகள். அவரும் பேசவில்லை. கூட்டம் முடிந்து டீக்கடைக்குப் போனால் பேச்சு சூடுபிடிக்கிறது!

கேள்விகளை முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். வட்டமாக உட்கார வைத்தேன். பெயரில்லாமல் சீட்டில் எழுதச் சொன்னேன், நாலு சீட்டு வந்தது. பெயர் சொல்லி அழைத்ததில் இரண்டு பேர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். அதை இனிச் செய்ய மாட்டேன்.

கூச்சப்படுகிறவர்களைச் சங்கடப்படுத்தாமல் பேசவைக்க, உங்கள் ஊரில் எது பலித்தது?