செலினியமும் குளுடாதயோன் பெராக்சிடேஸும்: ஆய்வில் ஒரு சிக்கல், வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். எலியின் கல்லீரல் செல்களை வளர்த்து, செலினியத்தின் அளவுக்கேற்ப பெராக்சைடுகளைச் சிதைக்கும் குளுடாதயோன் பெராக்சிடேஸ் நொதியின் செயல்பாடு எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்து வருகிறேன். இந்த நொதியில் செலினியம் ஓர் அங்கம் என்பது 1973-லேயே தெரிந்துவிட்டதால், செலினியம் தரும் உப்பான சோடியம் செலினைட் சேர்த்தால் செயல்பாடு உயரும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் 50 நானோமோலார் சேர்த்து 24 மணி நேரம் கழித்து அளந்தபோது, சேர்க்காத தட்டுக்கும் இதற்கும் வேறுபாடே தெரியவில்லை. 10 மைக்ரோமோலார் இட்ட தட்டிலோ செல்கள் உருண்டு திரண்டு, அடிப்பரப்பை விட்டுக் கழன்று மிதந்தன. அதைப் பார்க்க மனம் கனத்தது.

ஊடகத்தில் கலந்த 10 சதவீதக் கன்றின் இரத்தச் சீரமே போதிய செலினியத்தைத் தந்துவிடுகிறதோ என்பது என் ஐயம். சீரத்தை 2 சதவீதமாகக் குறைத்தால், எத்தனை நாளில் செல்லின் உள்ளிருப்பு தீரும்? பற்றாக்குறையில் இந்த நொதியின் வகைகளுள் ஜிபிஎக்ஸ்1 (GPx1) விரைவில் சரிய, ஜிபிஎக்ஸ்4 நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் என்பதால், இரண்டையும் தனித்தனியே அளக்க விரும்புகிறேன்.

இன்னொன்றும் உறுத்துகிறது. செயல்பாட்டை அளக்க, நொதி சிதைக்க வேண்டிய பொருளாக நான் பயன்படுத்தும் கியூமீன் ஹைட்ரோபெராக்சைடைச் செலினியமே தேவைப்படாத குளுடாதயோன் டிரான்ஸ்ஃபெரேஸ் என்ற வேறொரு நொதியும் சிதைக்கும். ஆகவே, ஹைட்ரஜன் பெராக்சைடைத் தானும் சிதைக்கும் கேட்டலேஸ் நொதியை சோடியம் அசைடால் தடுத்துவிட்டு, ஹைட்ரஜன் பெராக்சைடுக்கு மாறுவது நல்லதா? செய்து பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தைப் பகிர்ந்தால் பேருதவியாக இருக்கும்.