ஷ்கிப் என்றால் கழுகா, பேச்சா? ஒரு கலைச்சொல் வேண்டும், வெள்ளிக்குள்

[மொழிபெயர்ப்பாளர்]

அன்புடையீர்,

மொழியியல் அறிமுகப் பாடநூல் ஒன்றின் தமிழாக்கம் வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. ஆறாம் இயல் முழுவதும் அல்பேனிய மொழி. அதில் ஒரு சொல் மட்டும் இன்னும் வெற்றிடமாக நிற்கிறது. 1852-இல் எர்ன்ஸ்ட் ஃபோர்ஸ்டெமன் ஜெர்மனில் ‘ஃபோல்க்ஸ்எட்டிமொலொகி’ என்று பெயரிட்டது. வேர் மறந்துபோன சொல்லுக்கு, அதோடு ஒலி ஒத்த பழகிய சொல் ஒன்றைக் காட்டி ‘இதிலிருந்துதான் அது வந்தது’ என்று சொல்லிக்கொள்வது.

இயலின் தலைமை எடுத்துக்காட்டு அந்நாட்டின் பெயரே. அல்பேனியர் தம் மொழியை ‘ஷ்கிப்’ என்பார்கள், நாட்டை ‘ஷ்கிப்பெரி’ என்பார்கள். கழுகுக்கு ‘ஷ்கிபெ’, ‘ஷ்கிபோஞெ’. கொடியில் இருதலைக் கழுகு. ஆகவே ‘நாங்கள் கழுகின் மக்கள்’ என்ற விளக்கம் அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். குஸ்தாவ் மேயர் 1891-இல் வெளியிட்ட அகராதி வேறு வழி காட்டுகிறது: இலத்தீன் ‘எக்ஸ்கிப்பெரெ’, அதாவது ‘செவியேற்றல், புரிந்துகொள்ளல்’, அதிலிருந்து ‘தெளிவாகப் பேசு’, அதிலிருந்து ‘ஷ்கிப்’.

இச்சொல் இயலில் பதினெட்டு இடங்களில் வருகிறது. பெயராகவும் அடையாகவும் வினையாகவும் வருவதால் நீண்ட தொடர் உதவாது. கையில் இருப்பவை ‘நாட்டார் சொற்பிறப்பு’, ‘போலிச் சொற்பிறப்பு’ இரண்டும்தான். இரண்டிலும் மனம் ஒப்பவில்லை.

[தமிழாசிரியர்]

புதுச்சொல் தேட வேண்டாம், அணியிலக்கணத்தில் ஆயத்தமாக இருக்கிறது. இயல்பாக நடக்கும் ஒன்றின்மேல் கவிஞன் தன் கருத்தைக் காரணமாக ஏற்றுவது தற்குறிப்பேற்றம். மதுரைக் கோட்டைக் கொடிகள் காற்றில்தான் அசைந்தன. இளங்கோவடிகள் ‘வாரல் என்பன போல் மறித்துக் கை காட்ட’ என்றார். சொல்லும் கொடியைப் போலத்தான். தன் வரலாற்றுக் காற்றில் அசைகிறது. பார்ப்பவர் தம் குறிப்பை ஏற்றுகிறார். ‘தற்குறிப்பேற்றச் சொற்பிறப்பு’ என்று வையுங்கள்.

அல்பேனியக் கொடியின் கழுகுக்கு ‘இருதலைப் புள்’ என்று எழுதினால் இன்னும் நன்று. அகநானூற்றுப் பன்னிரண்டாம் பாட்டில் கபிலர் ‘இருதலைப் புள்ளின் ஓருயிர்’ என்கிறார். கண்டபேரண்டம் என்ற இருதலைப் பறவைச் சின்னம் வரை இதைத் தொடரலாம்.

[மொழியியல் ஆய்வாளர்]

ஆசிரியர் ஐயா, புள்ளைப் பிறகு பார்ப்போம். பெயர் வைக்கும் முன் பொருளின் எல்லை தெரிய வேண்டும்.

‘நாட்டார்’ என்ற அடை அல்பேனியத்துக்குப் பெரும்பாலும் பொருந்தாது. அங்கே இந்த விளக்கங்களைப் பரப்பியவர்கள் ஏட்டறிவு இல்லாதவர்கள் அல்லர். கிரேக்கருக்கு முன்பே அங்கே வாழ்ந்ததாகச் சொல்லப்படும் பெலாஸ்கியரோடு அல்பேனியரை இணைத்த ஹான், ஆஸ்திரியத் தூதரக அதிகாரி. அவர் ஆய்வு 1854-இல் வந்தது. கிரேக்கக் கடவுளர் பெயர்களுக்கு அல்பேனியத்தில் பொருள் சொல்லி 1879-இல் எழுதிய பாஷ்கோ வாசா, பின்னர் லெபனான் மலைப்பகுதிக்கு உதுமானிய ஆளுநரானவர். தனி நாடு கேட்ட தலைமுறைக்குத் தொன்மைச் சான்று தேவைப்பட்டது. அகராதியைப் புரட்டி எடுத்தார்கள். இதை ‘நாட்டார்’ என்றால் செய்தவர் ஒருவர், பழி ஏற்பவர் இன்னொருவர் என்றாகிவிடும்.

‘போலி’யும் ஆகாது. நன்னூலார்க்குப் போலி குற்றமே அல்ல. மஞ்சு மைஞ்சு ஆவது முதற்போலி. இல்முன் என்பது முன்றில் ஆனால் இலக்கணப் போலி. அதே மாணவருக்கு அதே சொல்லை வசையாகவும் கற்பிப்பதா?

ஒரு விளக்கத்தை எப்படிச் சோதிப்பது என்பதையும் இயலில் சேருங்கள். சான்றின் காலம், ஒலிமாற்ற விதி, சொல்லுருபு, ஒப்பான பிற பெயர்கள் என்று பார்த்துவிட்டுப் பொருள் பொருத்தத்தைக் கடைசியில் வையுங்கள். எல்லாரும் அந்தக் கடைசியிலிருந்து தொடங்குவதால்தான் வழுக்குகிறது.

அந்தப் பக்கத்தின் பண்டைய நாடான ‘இல்லிரியா’வை எடுத்துக்கொள்வோம். ‘இ லீரெ’ என்றால் அல்பேனியத்தில் ‘விடுதலை பெற்ற’; ஆகவே இல்லிரியர் விடுதலை மக்கள் என்பார்கள். ‘லீரெ’ இலத்தீன் ‘லீபெர்’ என்பதன் வழிவந்தது. உயிர்களுக்கு நடுவே நின்ற இலத்தீன் பகரம் அல்பேனியத்தில் கரைந்துவிடும். ‘கபல்லுஸ்’ என்ற குதிரை ‘காலெ’ ஆனது அப்படித்தான். ஆனால் இல்லிரியர் பெயரைக் கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டசு கி.மு. 5-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். உரோமர் படையோடு அங்கே முதலில் வந்தது கி.மு. 229-இல். கடன் கொடுத்தவர் வருமுன் கடன் எப்படி வந்திருக்கும்? உருபிலும் இடறுகிறது. ‘இ’ என்பது பெயரடைக்கு முன் நிற்கும் சாரியை போன்றது; பெண்பாலில் அது ‘எ’ ஆகும். பெயரின் பகுதியாக உறைந்திருக்கக் கூடியதல்ல.

‘அத்தெனா’ இன்னும் சுவையானது. ‘எ தெனா’ என்றால் ‘சொல்லப்பட்டவள்’. அறிவுத் தெய்வத்துக்கு அழகாகப் பொருந்துகிறது. இந்த வினைக்கு மூலம் இந்தோ-ஐரோப்பியத்தில் அண்ணம் தொட்ட ஒரு ககரம். அதே வேர் வடமொழியில் ‘சம்ஸ்’ ஆயிற்று. நாம் ‘பிரசம்சை’ என்கிறோமே, அதில் இருப்பது. ககரம் அல்பேனியத்தில் பல்லொலியாக மாறியது அதன் தனிவழி. கிரேக்கத் தெய்வப் பெயரோ கிரீட்டுத் தீவின் கினோசோசில் கிடைத்த மிகப் பழைய களிமண் பலகையிலேயே தகரத்தோடு நிற்கிறது. இன்று காதுக்கு ஒன்றாகக் கேட்கும் இரண்டும் அன்று ஒன்றல்ல.

[தனித்தமிழ் அன்பர்]

மேலே ஆசிரியர் ஐயா ‘காரணம்’ என்றே எழுதியிருக்கிறார். பாவாணர் ‘கரணியம்’ தந்திருக்கிறார். கலைச்சொல் ஒருமுறை அச்சேறினால் ஐம்பது ஆண்டு நிற்கும். அப்போதே தூய சொல்லைப் போடாவிட்டால் பிறகு மாற்ற வழியில்லை. ‘எட்டிமொலொகி’ என்று எங்கும் எழுத வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

ஆய்வாளர் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். சிறிய மொழியினர் தம் சொல்லில் தொன்மையைத் தேடுவதை இவ்வளவு கடுமையாக எடைபோட வேண்டுமா? 1908-இல் மனாஸ்திர் மாநாட்டில்தான் அவர்களுக்குப் பொது நெடுங்கணக்கே கூடிவந்தது, 36 எழுத்துகள். அதற்கு முன் கிரேக்க எழுத்து, அரபு எழுத்து, இலத்தீன் எழுத்து என்று சிதறிக் கிடந்தவர்கள். ‘நாங்களும் பழையவர்கள்’ என்று சொல்லும் ஏக்கத்தை நாம் அறியாதவர்களா?

[மொழியியல் ஆய்வாளர்]

அறிந்ததால்தான் கறாராக இருக்கிறேன், ஐயா. ஏக்கத்தை மதிக்கிறேன், அதைச் சான்றாக ஏற்க முடியவில்லை.

‘காரணம்’ பற்றி: தொல்காப்பியர் உரியியலில் ‘மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா’ என்கிறார். சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள காரணம் பளிச்சென்று தெரியாது என்பது நம் ஆறாம் இயலின் கருவே. அந்த நூற்பாவில் நிற்கும் சொல்லை நாம் ஏன் விலக்க வேண்டும்?

[தனித்தமிழ் அன்பர்]

நூற்பாவில் நிற்பதால் ஒரு சொல் தமிழாகிவிடாது. வடசொல்லைத் தொல்காப்பியரே எச்சவியலில் தனி வகையாக எண்ணியிருக்கிறார். என் கருத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

[அகராதிப் பணியாளர்]

வணக்கம். ஒரே பெயரின்கீழ் இரண்டு வேறு நிகழ்ச்சிகளைப் போடுகிறோம் என்று நினைக்கிறேன். அகராதியில் இவற்றைப் பிரிக்காவிட்டால் மாணவர் தடுமாறுவார்கள்.

ஒன்றில், சொல்லின் உருவம் மாறுவதில்லை. கதை மட்டும் ஒட்டிக்கொள்கிறது. ஷ்கிப்–கழுகு இப்படி. இன்னொன்றில், ஒட்டிய கதை உருவத்தையே திருத்திவிடுகிறது. அல்பேனியத்தில் வெள்ளிக் கோளுக்கு ‘அஃபெர்திதா’ என்று பெயர். பெண்களுக்கும் இடுகிறார்கள். அடியில் இருப்பது கிரேக்க ‘அஃப்ரோதித்தா’தான். ‘அஃபெர்’ என்றால் அருகில், ‘திதா’ என்றால் பகல். விடியலருகே தோன்றும் மீனுக்கு இதைவிட என்ன பொருத்தம்? அந்த ஓசைக்கு ஏற்ப நடுவில் உயிர் புகுந்து பெயரே புது வடிவம் கொண்டது. ‘பகலுக்கு அருகில்’ என்று முறையாகச் சொல்வதானால் ‘அஃபெர்’ நீங்கல் வேற்றுமை கேட்கும்; ‘அஃபெர் திதெஸ்’ என்றாக வேண்டும். வேற்றுமை உருபு இல்லாததே இது பின்னால் ஒட்டியது என்பதற்குத் தடயம். கிரேக்கரிடமும் இதே வேலை நடந்திருக்கிறது. ‘அஃப்ரோஸ்’ என்றால் நுரை. ஆகவே தெய்வம் கடல் நுரையில் பிறந்தாள் என்று கிரேக்கப் புலவர் எசியோடு பாடினார். ஒரே பெயர், இரண்டு கரைகளில் இரண்டு பிறப்பு.

நம் ஊர் எடுத்துக்காட்டு வேண்டுமானால் சென்னையின் ஆமில்டன் பாலத்தைச் சொல்லலாம். அது மக்கள் வாயில் அம்பட்டன் வாராவதியாகி, அங்கிருந்து மறுபடி ஆங்கிலத்துக்குப் போய் ‘பார்பர்ஸ் பிரிட்ஜ்’ ஆயிற்று.

முதல் வகைக்கு ‘புனைகாரணம்’, இரண்டாவதற்குப் ‘புனைமரூஉ’ என்பது என் முன்மொழிவு. புனைகதை, புனைபெயர் போல வினைத்தொகை. இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்ற நன்னூல் வரிசையில் ‘புனைகாரணப்பெயர்’ மூன்றாவதாக உட்காரும். வினைக்குக் ‘காரணம் புனை’. தஞ்சாவூர் தஞ்சை ஆவது வெறும் மரூஉ. பொருள் தேடி மருவினால் புனைமரூஉ.

[தமிழாசிரியர்]

புனைமரூஉ அருமை, உடனே ஏற்கிறேன். புனைகாரணத்தில் தயக்கம். ‘புனை’ என்றால் தெரிந்தே கட்டுவது. கழுகின் மக்கள் என்று நம்புகிற மலையூர்க் கிழவர் எதையும் கட்டவில்லை, கேட்டதை நம்புகிறார். ‘ஏற்றுகாரணம்’ என்றால் அந்தக் குறை இல்லை.

[அகராதிப் பணியாளர்]

‘ஏற்று’ என்றதும் படிப்பவர் ஏற்றுமதிக்குப் போவார், ஐயா. ஏற்றுக்கொண்ட காரணம் என்று தலைகீழாகவும் படிப்பார். அப்புறம் தற்குறிப்பேற்றத்தில் கவிஞனும் தெரிந்துதானே ஏற்றுகிறான்?

[மொழியியல் ஆய்வாளர்]

ஒரு எச்சரிக்கை. எல்லா அல்பேனிய விளக்கத்தையும் இந்தப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். ‘தார்தெ’ என்றால் பேரிக்காய். பண்டைய தார்தானியா, அதாவது இன்றைய கொசோவோவும் சுற்றுப்புறமும், அதிலிருந்து வந்தது என்று சொன்னவர் அதே ஹான். இது இன்னும் உயிரோடிருக்கும் கருதுகோள். அந்த வட்டாரத்தில் சிலாவியர் வைத்த குருஷேவாத்சு போன்ற ஊர்ப்பெயர்களிலும் பேரிக்காய் இருக்கிறது. ஒப்பான பெயர் உண்டு என்பது வலு. திராய் நகரப் பக்கமும் தார்தானர் என்று ஒரு மக்கள் இருந்தார்களே, அவர்களுக்கும் பேரிக்காய் பொருந்துமா என்பது எதிர்க்கேள்வி. இதைப் புனைகாரணம் என்று எழுதினால் நாமே ஒன்றைப் புனைந்தவர்களாவோம். ‘கருதுகோள்’ என்று மட்டும் எழுதுங்கள்.

ஷ்கிப்புக்கும் அதே கவனம் வேண்டும். மேயர் வழியில் ஒலி ஒழுங்காக இருக்கிறது: முன்னண்ண உயிருக்கு முன் நின்ற இலத்தீன் ககரம் அண்ணமேறும், வானம் ‘கைலும்’ என்பது ‘கியெல்’ ஆனதில் அதே மாற்றம். கழுகு வழிக்கு எதிராக நிற்கும் பெரிய சான்று புலம்பெயர்ந்தவர்கள். 15-ஆம் நூற்றாண்டு முதல் இத்தாலியின் தென்பகுதிக்குப் போனவர்கள் தம்மை ‘அர்பரேஷ்’ என்றே சொல்கிறார்கள். ஷ்கிப் என்பது அவர்களிடம் தன்பெயராக இல்லை. 1468-இல் மறைந்த அல்பேனியத் தலைவர் ஸ்கந்தர்பெகின் குடிக்கொடியிலோ கழுகு இருந்தது. கழுகு முன்னே இருக்க, இந்தப் பெயர் பின்னால் அல்லவா பரவியிருக்கிறது? ஆனாலும் மேயர் வழியும் முடிந்த முடிவல்ல. பெரும்பாலோர் சாயும் பக்கம், அவ்வளவுதான்.

[தமிழாசிரியர்]

இடையில் ஒன்று. ‘ஷ்கிப்’ என்று மெய்யில் தொடங்குவது கண்ணை உறுத்துகிறது. ‘எழுத்தொடு புணர்ந்த சொல்’ ஆக வேண்டாமா? ‘இசுகிப்பு’ என்றால் என்ன?

[மொழியியல் ஆய்வாளர்]

நடுவில் உள்ள ஒலி ககரமும் அல்ல, ஐயா. சகரத்துக்கும் ககரத்துக்கும் நடுவே, நடுநா அண்ணத்தில் ஒற்றும் வல்லொலி. வடக்கே பலர் அதைச் சகரமாகவே சொல்கிறார்கள். ‘இசுகிப்பு’ என்றால் எந்த அல்பேனியருக்கும் விளங்காது. ‘ஞெ’ மட்டும் நமக்கு வாய்த்தது. ஷ்கிபோஞெயின் ஞகரம் அப்படியே நம் ஞகரம். சொல்லிறுதியில் தேயும் அவர்கள் உயிரைக் குற்றியலுகரமாக எழுதலாமா என்று கேட்டால் நான் சரி என்பேன், ‘தார்து’ என்று. அதற்கு இயல் முழுதும் திருத்த வேண்டும்.

[மொழிபெயர்ப்பாளர்]

அனைவருக்கும் நன்றி. நேரம் இல்லை, ஆகவே இப்படிச் செய்கிறேன். உருவம் மாறாததற்குப் ‘புனைகாரணம்’, மாறியதற்குப் ‘புனைமரூஉ’. பதினெட்டில் பதினான்கு இடம் முதலாவது, மூன்று இரண்டாவது. தார்தானியா வரும் ஓரிடத்தில் ‘கருதுகோள்’. சொல்லடைவில் புனைகாரணத்துக்கு எதிரே ‘தற்குறிப்பேற்றம் காண்க’ என்று ஒரு வரி. ‘எட்டிமொலொகி’ எங்கும் வராது. ‘ஷ்கிப்’ இருக்கும்; ஒலிப்புக் குறிப்பு அடியில் வரும். குற்றியலுகரம் இந்தப் பதிப்பில் இல்லை.

[தனித்தமிழ் அன்பர்]

‘புனைகரணியம்’ என்று சொல்லடைவில் பிறை வளைவுக்குள்ளாவது சேருங்கள். இல்லையென்றால் என் மாறுபாடு அப்படியே நிற்கும்.

[தமிழாசிரியர்]

‘ஏற்றுகாரண’த்தை நான் இன்னும் விடவில்லை. வகுப்பில் அதையே சொல்லிப் பார்க்கிறேன். பிள்ளைகள் ஏற்றுமதி என்று படித்தால் எழுதுகிறேன்.