சின்னக் குறைக்கு இங்கிலீஷில் எந்தச் சொல்லைப் போடுவது?

கேள்வி (ஃப்ளிக் ஆன் ஃப்ளாக், மொரீஷியஸ்)
வணக்கம். இங்கே ஒரு ஹோட்டலில் விருந்தினர் புகார்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. வீட்டில் கிரியோல், கோவிலில் தமிழ், பள்ளியில் பிரெஞ்சும் இங்கிலீஷும் என்று வளர்ந்தவள். பேசுவதில் சிரமமில்லை. எழுதும்போது 'சின்ன' என்று வரும் இடத்தில்தான் கை நிற்கிறது. குழாய் சொட்டுகிறது, டவல் ஒன்று குறைகிறது, ஏசி பத்து நிமிடம் நின்றுபோனது. இதற்கெல்லாம் மைனர், ஸ்லைட், ட்ரிவியல், பெட்டி, நெக்லிஜிபிள் என்று அகராதி அடுக்குகிறது. படிப்பவர் மனம் நோகாமல் எதை எடுப்பது? ப்ரீஃப், மொமென்டரி, எஃபெமரல் இவற்றிலும் இதே குழப்பம்.

பதில் (ரோஸ் ஹில், ஓய்வு பெற்ற இங்கிலீஷ் வாத்தியார்)
நல்ல கேள்வி அம்மா. ஸ்லைட், மைனர் இரண்டும் குறையின் அளவை மட்டும் சொல்லும். ட்ரிவியல் என்றால் 'இதெல்லாம் ஒரு விஷயமா' என்ற தொனி வந்துவிடும். பெட்டி அதைவிட மோசம். புகார் சொன்னவரையே அற்பப் புத்திக்காரர் ஆக்கிவிடும். நம் தீவில் இதில் கூடுதல் கவனம் வேண்டும். பெட்டி வந்தது 'சின்ன' என்று பொருள்படும் பிரெஞ்சு 'பெத்தி'யிலிருந்துதான். நாம் கிரியோலில் தி புத்திக் (குட்டிக் கடை), தி லகாஸ் (குட்டி வீடு) என்று செல்லமாகச் சொல்கிறோமே, அந்த 'தி'யும் அதே சொல்தான். இங்கிலீஷுக்குப் போனதும் அதன் குணம் மாறிவிட்டது. பெட்டி கேஷ் (சில்லறைச் செலவுக்கான பணம்) போன்ற ஆபீஸ் வழக்கில் பழைய அர்த்தம் இன்னும் இருக்கிறது.

நெக்லிஜிபிள் என்றால் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம் என்று பொருள். இரவெல்லாம் குழாய்ச் சத்தம் கேட்டுக் கிடந்தவரிடம் அப்படிச் சொல்லலாமா?

அப்புறம் நேரம். மொமென்டரி கண்ணிமைக்கிற பொழுது. பத்து நிமிடத்துக்கு அது பொய். ப்ரீஃப் போடுங்கள். எஃபெமரல் கிரேக்கத்தில் 'ஒரு நாளே இருப்பது'. கவிதைக்கு அழகு, ஏசிக்கு வேண்டாம்.

பதில் (எபேன், கால் சென்டர்)
சார் சொன்னது சரி. ஆனால் மைனர் கூட வேண்டாம் என்பேன் அக்கா. குறை சின்னதா பெரியதா என்று அனுபவித்தவர்தான் சொல்ல வேண்டும். 'ஏசி பத்து நிமிடம் வேலை செய்யவில்லை, மன்னிக்கவும்' என்று உள்ளதை எழுதினால் போதும். மொமென்டரிலி என்ற சொல்லையும் தவிர்த்துவிடுங்கள். 'ஆள் மொமென்டரிலி வருவார்' என்றால் அமெரிக்கர் 'இதோ வந்துவிடுவார்' என்று எடுத்துக்கொள்வார். பழைய பிரிட்டிஷ் வழக்கில் அது 'கொஞ்ச நேரம் மட்டும் இருப்பார்'.

பதில் (காத்ர் போர்ன்)
நுண்ணிய என்ற பொருளில் வரும் மைன்யூட்டும் நிமிடத்தைக் குறிக்கும் மினிட்டும் எழுத்தில் ஒன்றே. வரி நடுவில் வந்தால் படிப்பவர் ஒரு கணம் தடுமாறுவார். டைனி என்று எழுதிவிடுவது நல்லது.

கேட்டவர்
எல்லோருக்கும் நன்றி. இன்னும் ஒன்று: மன்னிப்போடு பழக்கூடை அனுப்புகிறோம். அதை 'ஸ்மால் டோக்கன்' (சின்ன அடையாளம்) என்று எழுதலாமா?

பதில் (ரோஸ் ஹில்)
தாராளமாக. நீங்கள் கொடுப்பதை நீங்களே சின்னது என்று சொல்வது மரியாதைதான். நாமினல் மட்டும் போடாதீர்கள். பேருக்குக் கொடுத்ததாக ஆகிவிடும்.