தாத்தாவின் கடைப் படத்தைத் தேடினால் சிங்கப்பூர் வருகிறது: உதவி தேவை

கேள்வி (தன்லின்):
வணக்கம். எங்கள் தாத்தா ரங்கூனில், அதாவது இன்றைய யாங்கோனில், பிரேசர் தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். 1964இல் கடைகள் நாட்டுடைமையானபோது அதுவும் போயிற்று. மிஞ்சியது ஒரு கறுப்புவெள்ளைப் படம்தான். வாசலில் தாத்தா நிற்கிறார். தலைக்கு மேல் தமிழ்ப் பலகை. ஓரத்தில் ஒரு கோபுரத்தின் நுனி. அதைக் கைபேசியில் பிடித்துப் படத்தேடலில் போட்டால் சிங்கப்பூர்க் கோயில்களாக வந்து கொட்டுகின்றன. படத்தின் விவரத்தில் இடம் என்று பார்த்தால் எங்கள் வீட்டையே காட்டுகிறது. அப்பத்தாவுக்கு வயது 86. அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறதா என்று அவருக்குச் சொல்லியாக வேண்டும். எங்கே தவறு செய்கிறேன்?

மறுமொழி (மோல்மேன்):
தம்பி, வி.பி.என். (இணைப்பை வேறோர் ஊர்க் கணினி வழியாகச் சுற்றிவிடும் செயலி) போட்டுக்கொண்டா தேடுகிறீர்கள்? அதன் வாசல் சிங்கப்பூரில் இருந்தால், நீங்களும் அங்கே இருப்பதாகத் தேடல் எண்ணிக்கொள்ளும். ஜி.பி.எஸ். செயற்கைக்கோளிலிருந்து வருவது, அதை வி.பி.என். மாற்றாது. ஆனால் உலாவிக்கு இட அனுமதி கொடுக்காவிட்டால் அது உங்கள் இணைப்பின் இணைய முகவரியை (ஐ.பி.) வைத்தே ஊரை ஊகிக்கும். அமைப்புகளில் துல்லியமான இடத்துக்கு அனுமதி கொடுங்கள். தோராயம் என்றிருந்தால் தெருவைத் தேட உதவாது.

வீட்டைக் காட்டுவது பிழையன்று. கைபேசி பதிவது நீங்கள் அதைப் படம் பிடித்த இடத்தை. பழைய அட்டைப் படத்தில் அப்படி ஒரு பதிவே கிடையாது.

மறுமொழி (யாங்கோன்):
தம்பி, பிரேசர் தெரு இப்போது அனோரத்தா சாலை. மொகல் தெரு ஷ்வேபோந்தா ஆயிற்று. பழைய பெயரை வைத்து வரைபடத்தில் அலையாதீர்கள். அந்தச் சாலையில் கோபுரம் என்றால், 1871இல் தமிழர்கள் எழுப்பிய காளி கோயிலை முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

முழுப் படத்தையும் தேடலில் போடாதீர்கள். எடுப்பாகத் தெரிவதை அது பிடித்துக்கொள்ளும். உங்கள் படத்தில் அது கோபுரம். மாடியை மட்டும் வெட்டி எடுங்கள். சாளர வளைவும் கைப்பிடிச்சுவர்ப் பூவேலையும் எளிதில் மாறுவதில்லை. கீழ்த்தளம்தான் கைமாறிக் கைமாறி உருத்தெரியாமல் போகும். வெட்டிய படத்தோடு ‘யாங்கோன் அனோரத்தா சாலை’ என்ற சொற்களையும் சேர்த்துத் தேடுங்கள்.

பிறகு நேரில் போய்விடுங்கள். நெருக்கமான மாடிகளுக்கு நடுவே ஜி.பி.எஸ். சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்புவதால், வரைபடத்தில் நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் நீலப்புள்ளி அடுத்த தெருவுக்குத் தாவும். கோயிலிலிருந்து கட்டடங்களை எண்ணிக்கொண்டே நடப்பதுதான் நிச்சயம்.

கேட்டவர்:
அக்கா, நேற்றுப் போனேன். கைப்பிடிச்சுவரில் அதே தாமரை! கீழே தேநீர்க்கடை நடக்கிறது. வீடியோ அழைப்பில் காட்டினேன். அப்பத்தா வெகுநேரம் பேசவே இல்லை. பிறகு, “படி இடப்பக்கமா இருக்கிறது பார்” என்றார். ஆனால் ஒட்டினாற்போல இருக்கும் கட்டடத்திலும் அதே தாமரை, அங்கும் படி இடப்பக்கம்தான். பலகையில் கதவிலக்கத்தின் கடைசி எண் 3ஆ 8ஆ என்று புரியவில்லை.

மறுமொழி (யாங்கோன்):
அட்டையைப் பகல் வெளிச்சத்தில், பலகை மட்டும் நிறையும்படி மறுபடி எடுங்கள். படமாக அனுப்பினால் செயலி சுருக்கிவிடும், எண் கரைந்துவிடும், ஆவணமாக அனுப்புங்கள். ஆனால் அதில் உங்கள் வீட்டு இடமும் கூடவே வரும். முதலில் இடப்பதிவை நீக்கிவிடுங்கள்.