வேர்ட்டிகல் மவுஸ்: ‘ஒருக்களி சுட்டி’ என்று ஒரு முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களே,

கையை நிமிர்த்திப் பிடிக்கிற வேர்ட்டிகல் மவுஸுக்கு, நம் கலைச்சொற்பட்டியலில் சேர்க்க இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: பணிச்சூழலியல் சுட்டி, நலச்சுட்டி, செங்குத்துச் சுட்டி. மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை.

நலச்சுட்டியை முதலில் எடுக்கிறேன். திருகோணமலைக் கடைகளில் ‘எர்கோனொமிக்’ (உடம்புக்கு ஏற்றது) என்று பெட்டியில் அச்சடித்து வருபவற்றில் பல, பக்கத்தில் பெருவிரலுக்கு ஒரு பள்ளம் வைத்த சாதாரண மவுஸ்தான். அந்த விளம்பரத்தை நாம் கலைச்சொல்லாக்கக் கூடாது. நிமிர்த்திப் பிடிக்கிற மவுஸ் முன்கைத் திருகலைக் குறைக்கும், அதுவரைக்கும் சரி. மணிக்கட்டுக்குள் ஒன்பது தசைநாண்களோடு நெருக்குப்பட்டுப் போகிற நடு நரம்பு நசிந்து வருகிற விறைப்பை அது தீர்க்கும் என்று சொல்ல முடியாது. பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் விறைத்து இரவில் நித்திரை குழம்புகிறவர் டொக்டரிடம்தான் போகவேண்டும். பெயரிலேயே ‘நலம்’ இருந்தால் அவர் முதலில் கடைக்குப் போவார்.

பணிச்சூழலியல் என்பது ‘எர்கோனொமிக்ஸ்’ துறைக்கு நிலைத்துவிட்ட பெயர், அது இருக்கட்டும். ஆனால் கதிரை உயரம், திரையின் தூரம், வெளிச்சம் எல்லாமே அந்தத் துறைக்குள் வருகின்றன. அதை ஒரு கருவியின் தலையில் கட்டினால் எந்தக் கருவி என்றே விளங்காது.

கை என்ன செய்கிறது என்று பார்த்துப் பெயர் வைப்போம். முன்கையில் ஆரை, அரந்தி என்று இரண்டு எலும்புகள். உள்ளங்கை மேலே பார்த்தால் இரண்டும் சமாந்தரமாகக் கிடக்கும். கவிழ்த்தால் ஆரை அரந்திக்குக் குறுக்காகப் போய்விடும். மவுஸைக் கண்டுபிடித்த டக்ளஸ் எங்கெல்பார்ட்டின் யோசனைக்கு 1964 இல் பில் இங்கிலிஷ் செய்துகொடுத்த மரப்பெட்டியும் சரி, இன்று நம் மேசையில் கிடப்பதும் சரி, கையைக் கவிழ்த்தே பிடிக்கவேண்டும். நாள் முழுக்க அந்தத் திருகலில்தான் வேலை.

படுக்கிற ஆளுக்குத் தமிழில் குப்புற, மல்லாக்க, ஒருக்களித்து என்று மூன்று நிலையும் இருக்கின்றன. சின்னவிரல் பக்கம் மேசையில் பட, பெருவிரல் மேலே இருக்க வைத்த கை ஒருக்களித்த கை. அந்த நிலையில் பிடிக்கும் மவுஸை ‘ஒருக்களி சுட்டி’ என்போம். சுடுசோறு மாதிரி வினைத்தொகை, அதனால் இடையில் ச் போடவில்லை. செங்குத்து என்பது அளவிலும் பொருந்தாது: லொஜிடெக்கின் எம்எக்ஸ் வேர்ட்டிகலின் சரிவே 57 பாகைதான். ஒருக்களிப்பில் அந்தச் சரிவுக்கும் இடமிருக்கிறது.

உவர்மலையில் காணி வரைபடம் கீறுகிற நண்பர் ஒருவர் இந்த வகை மவுஸைத்தான் பாவிக்கிறார். பக்கத்தில் இருந்து பார்த்தேன். சாதாரண மவுஸில் சொடுக்கும்போது விரல் கீழ்நோக்கி அழுத்தும், மேசை தாங்கிக்கொள்ளும். இதில் விரல் பக்கவாட்டில் தள்ளுகிறது. மவுஸ் ஒரு மயிரிழை அசைந்தாலும் கோடு எல்லைக் கல்லை விட்டு விலகிவிடுகிறது. அதனால் சொடுக்கும் ஒவ்வொரு முறையும் பெருவிரலால் மற்றப் பக்கம் முட்டுக்கொடுக்கிறார். பழக நாள் எடுத்தது, ஆனால் முழங்கைக்குக் கீழே இருந்த இறுக்கம் குறைந்தது என்கிறார். தோள் வலிக்குக் கைகொடுத்தது வேறொன்று: வலப்பக்க இலக்க விசைகள் இல்லாத சின்ன விசைப்பலகைக்கு மாறியதில் மவுஸ் உடம்புக்குக் கிட்ட வந்துவிட்டது. நம் சொற்பட்டியலின் விளக்கக் குறிப்பில் பெருவிரல் முட்டு, சின்ன விசைப்பலகை இரண்டையும் கட்டாயம் சேர்க்கவேண்டும். பெயரை மட்டும் போட்டுவிட்டுப் போனால் வாசிக்கிறவருக்கு என்ன பயன்?

அப்புறம் ட்ராக்போல், அதாவது மேலே இருக்கும் பந்தை விரலால் உருட்டுகிற கருவி. மட்டக்களப்பு ஆசிரியர் சொன்ன ‘பந்துச்சுட்டி’ எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் குழப்பம் வரும். பழைய மவுஸின் அடியிலும் பந்துதானே இருந்தது. கழற்றித் தூசு துடைத்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். ஜெர்மனியின் டெலிஃபுங்கன் 1968 இல் வெளியிட்ட மவுஸே ட்ராக்போலைத் தலைகீழாகக் கவிழ்த்து உருவானதுதான். ஆகவே பந்து எங்கே இருக்கிறது என்பதும் பெயரில் வேண்டும்: ‘மேற்பந்துச் சுட்டி’. கருவி ஒரே இடத்தில் கிடக்கும், கையை இழுத்துத் திரிய வேண்டாம். தோள் வலிக்காரருக்கும் மேசையில் இடமில்லாதவருக்கும் அது நல்லது. பெருவிரலால் உருட்டும் வகையில் பாரம் முழுக்க அந்த ஒரு விரலுக்கே போகும், அதையும் குறிப்பில் எழுதுவோம்.

இடக்கைக்காரரை மறக்கவேண்டாம். சமச்சீரான சாதாரண மவுஸை எந்தக் கையாலும் பிடிக்கலாம். ஒருக்களி சுட்டி ஒரு கைக்கென்றே வார்க்கப்படுவது, கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் வலக்கைக்கு. ‘இடக்கை ஒருக்களி சுட்டி’ என்று தனிப் பதிவு போடலாம் என்பது என் எண்ணம். சொல்லிப் பார்த்தேன், வாயில் தடக்கவில்லை. சென்னை நண்பர்களுக்கும் அப்படித்தானா? ஒருக்களித்தல் உங்கள் பக்கம் பேச்சில் இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள்.